காசு கல்லாவுக்கு, கேடு காதுக்கு!

மதுக்கடையில் பாட்டு அலறுகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. எதற்கு இத்தனை சத்தம்?

பிரான்சு நாட்டில் இரண்டு மதுக்கடைகளில் 40 வாலிபர்களை, அவர்கள் அறியாமல், ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது.

சத்தத்தை அளக்கும் அளவு, டெசிபல். பாட்டு 72 டெசிபல் இருந்தபோது, ஒரு கோப்பை பீர் காலியாகச் சராசரி 14½ நிமிடம் ஆயிற்று. 88 டெசிபலுக்கு ஏற்றினார்கள். 11½ நிமிடத்தில் கோப்பை காலி!

பேச முடியாதபோது கை கோப்பையைத் தேடுகிறது போலும்! கல்லா நிறைகிறது.

காது? உள்காதில் மயிர் போன்ற நுண்ணிய உயிரணுக்கள் உண்டு. பெரும் சத்தத்தில் அவை மடியும்; மீண்டும் முளைக்க மாட்டா.

இத்தகைய இடங்களில் சராசரி சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, காதுக்கு ஓய்வு தர அமைதியான இடமும் வேண்டும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது.

போன காசைச் சம்பாதிக்கலாம். போன காது வருமா?