முந்துபவரை விட்டுவிடுங்கள்

2025 அக்டோபரில் ஹவாய்த் தீவின் கோனா நகரில் பெண்களுக்கான அயர்ன்மேன் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. கடலில் 3.8 கி.மீ. நீச்சல், எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைப் பரப்பின் ஊடே 180 கி.மீ. சைக்கிள், அதற்குப் பிறகு 42.2 கி.மீ. மாரத்தான். மூன்றையும் இடைவெளி இல்லாமல் முடிக்க வேண்டும். அன்று பெரும்பாலான நேரம் பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்ளேயும் அமெரிக்காவின் டெய்லர் நிப்பும்தான் முன்னிலையில் இருந்தார்கள். மாரத்தானின் பிற்பகுதியில் லூசி விலகினார். முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த நிப், எல்லைக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 கி.மீ. இருக்கும்போது தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரால் எழுந்து முடிக்க முடியவில்லை. நார்வேயின் சோல்வெய்க் லோவ்செத் 8 மணி 28 நிமிடம் 27 வினாடியில் வென்றார். கோனாவில் அவர் ஓடியது அதுவே முதல் முறை. இரண்டாவதாக வந்த கேட் மேத்யூஸ் அவருக்கு 35 வினாடிதான் பின்னால்.

உலகின் மிகச் சிறந்த இருவருக்கே இப்படி நேர்கிறது என்றால், தன்னைவிடப் பலசாலிகள் நிறைந்த களத்தில் இறங்கும் சாதாரணப் போட்டியாளர் எதைப் பிடித்துக்கொள்வது? இப்படி மூன்றும் சேர்ந்த நெடுந்தூர டிரையத்லானில் பலம் குறைந்தவருக்கு இருக்கும் ஒரே பெரிய ஆயுதம், பக்கத்தில் போகிறவரைப் பொருட்படுத்தாமல் தன் உடலின் வரவு செலவுக்குள் நிற்பதுதான் என்பது என் வாதம். இதை ஒழுக்க போதனையாகச் சொல்லவில்லை. காற்றின் இயற்பியலும் தசையின் வேதியியலும் இதைத்தான் சொல்கின்றன.

முதலில் காற்று. சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அதற்குத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவர், முந்திச் சென்றவரைப் பிடிக்க 31.5 கி.மீ. வேகத்துக்கு மாறினால் வேகம் 5 சதவீதம்தான் கூடியிருக்கும். காற்றுக்காகச் செலவிடும் திறனோ ஏறக்குறைய 16 சதவீதம் கூடிவிடும். 180 கி.மீ. முழுவதும் அப்படியே ஓட்டினாலும் மிச்சமாவது சுமார் 17 நிமிடம். அந்தக் கூடுதல் செலவால் கால் ஓய்ந்து, மாரத்தானின் கடைசி 15 கி.மீ. தூரத்தைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடமாக ஓடுவதற்குப் பதில் 10 நிமிடமாக நடக்க வேண்டி வந்தால் இழப்பது முழுதாக ஒரு மணி நேரம். சைக்கிளில் எட்டிப் பிடித்த ஆளை மட்டுமல்ல, பின்னால் அமைதியாக வந்துகொண்டிருந்த நூறு பேரையும் அந்த ஒரு மணி நேரத்தில் முன்னே விட்டுவிடுவார்.

அடுத்தது எரிபொருள். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, நன்கு சாப்பிட்டுத் தயாரான உடலில்கூட 500 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். அது தோராயமாக 2,000 கிலோகலோரி. சைக்கிள் மிதியில் 200 வாட் திறனைத் தருபவர் மணிக்கு ஏறத்தாழ 780 கிலோகலோரி எரிக்கிறார். கொழுப்பு எல்லோரிடமும் ஏராளமாக இருக்கிறது, ஆனால் அதை எரிக்கும் வேகத்துக்கு வரம்பு உண்டு. உழைப்பின் தீவிரம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தை நாடுகிறது. அதாவது, ஒருவரைத் துரத்தும் ஒவ்வொரு நிமிடமும் செலவாவது கையில் குறைவாக இருக்கும் அந்தச் சரக்குதான். வழியில் ஜெல்லும் இனிப்புக் கரைசலும் குடித்து ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். குளுக்கோஸை மட்டும் குடித்தால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராம்தான் உள்ளிழுக்கும். ஃபிரக்டோஸ் வேறு வாயில் வழியாக உள்ளே போவதால், இரண்டையும் கலந்து குடித்தால் 90 கிராம் வரை போகும். குடலைப் பழக்கிய தொழில்முறை வீரர்கள் சிலர் அதற்கு மேலும் எடுத்துக்கொள்கிறார்கள். 90 கிராம் என்பது 360 கிலோகலோரி, செலவில் பாதிகூட இல்லை. அதோடு, வேகம் எல்லை மீறினால் ரத்தம் குடலை விட்டுத் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுகிறது. அப்போது குடித்தது வயிற்றிலேயே கிடந்து குமட்டும். மாரத்தானின் நடுவே சாலை ஓரத்தில் குனிந்து வாந்தி எடுப்பவர்களில் பலரின் தவறு அன்று மதியத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

கோனாவில் இவற்றோடு வெப்பமும் சேர்கிறது. தசை எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிதியைப் போய்ச் சேர்கிறது. மற்றதெல்லாம் சூடு. அதே 200 வாட் கணக்கில் மணிக்கு 600 கிலோகலோரி அளவுக்கு வெப்பம் பிறக்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி போகும். ஈரப்பதம் மிகுந்த கடலோரத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. சைக்கிளில் எதிர்க்காற்றாவது உதவும். ஓட்டத்தில் வேகம் குறைவதால் அந்தத் துணையும் போய்விடுகிறது. காலையில் உடலில் ஏற்றிய சூட்டோடு பிற்பகல் மாரத்தானில் இறங்குபவர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மன உறுதி எவ்வளவு இருந்தாலும் ஆவியாதலின் கணக்கு மாறாது. வெப்பத்துக்கு அஞ்சி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே கேடு வரலாம்.

இதற்கு எதிராக வலுவான வாதங்கள் உண்டு. போட்டியாளர் பக்கத்தில் இருந்தால் மனிதன் தன் எல்லையைத் தாண்டுகிறான் என்பது அவற்றில் பழையது. சைக்கிள் வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிட மற்றவரோடு ஓட்டும்போது வேகமாகப் போகிறார்கள் என்று உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898-இலேயே எழுதினார். பிரிட்டனில் நடந்த ஒரு சைக்கிள் சோதனையில், திரையில் தெரிந்த உருவம் தங்களுடைய பழைய வேகத்தில் போகிறது என்று வீரர்களை நம்பவைத்து, உண்மையில் அதன் திறனை 2 சதவீதம் கூட்டி வைத்தார்கள். வீரர்கள் அதற்கும் ஈடுகொடுத்தார்கள். இந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையின் தூரம் 4 கி.மீ., சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. அவ்வளவு குறுகிய நேரத்தில் மூளை ஒதுக்கி வைத்திருக்கும் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கலாம். பத்து மணி நேரப் போட்டியில் மாவுச்சத்தே தீர்ந்துபோகும்போது தூண்டுதல் எதை எடுத்துக் கொடுக்கும்? நீச்சல் மட்டும் என் வாதத்துக்கு விலக்கு. வேகமானவரின் கால் பக்கம் ஒட்டி நீந்தினால் நீரின் தடை குறைகிறது, அதே வேகத்துக்குக் குறைந்த உழைப்பு போதும். அங்கே பலசாலியைத் தொடர்வது லாபம்தான். சைக்கிளில் ஒருவர் நிழலில் இன்னொருவர் ஒட்டிப் போக விதி இடம் கொடுப்பதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் வரலாறு. 1989-இல் ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் மார்க் ஆலன், அதை அதுவரை ஆறு முறை வென்றிருந்த டேவ் ஸ்காட்டை நாள் முழுக்க விடாமல் ஒட்டியே போனார். மாரத்தானின் கடைசி ஏற்றத்தில் பிரிந்து, 8 மணி 9 நிமிடம் 15 வினாடியில் முடித்தார். ஸ்காட் 58 வினாடி பின்னால் வந்தார். எதிராளியைத் துரத்தியவர் ஜெயித்தாரே என்று கேட்பவர்கள், அதற்கு முந்தைய கதையையும் பார்க்க வேண்டும். 1984-இல் இதே ஆலன் சைக்கிள் பகுதியில் பத்து நிமிடத்துக்கும் மேல் முன்னிலை எடுத்துவிட்டு, ஓட்டத்தில் நொறுங்கி ஐந்தாவதாக வந்தார். பிறகு பல ஆண்டுகள் இதயத் துடிப்பை ஒரு வரம்புக்குள் கட்டி வைத்துப் பயிற்சி செய்து, குறைந்த தீவிரத்தில் அதிக வேகம் தரும் உடலை உருவாக்கிக்கொண்டார். 1989-இல் ஸ்காட்டின் வேகம் ஆலனின் வரம்புக்குள் வந்துவிட்டது. அன்று அவர் பலம் குறைந்தவராகக் களத்தில் இல்லை.

பிரான்ஸின் சாம் லெய்ட்லோவின் கதை இன்னும் சிக்கலானது. 2022-இல் கோனாவில் சைக்கிளில் 4:04:36 என்ற சாதனையோடு பாய்ந்து, இரண்டாம் இடம் பெற்றார். 2024-இல் அங்கேயே அதைவிட வேகமாக 3:57:22-இல் முடித்தார். ஆனால் மாரத்தானில் ஓய்ந்துபோய் முதல் பத்துக்குள்கூட வரவில்லை. அந்த ஆண்டு வென்ற பாட்ரிக் லாங்கே ஓட்டத்தில்தான் முன்னே வந்தார். வெற்றிக்காக எல்லாவற்றையும் பணயம் வைக்கும் உரிமை லெய்ட்லோவுக்கு உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய உடலுக்கே அந்தப் பந்தயம் ஒரு முறை பலித்து, ஒரு முறை பொய்த்தது. அவரைவிடப் பலம் குறைந்தவருக்கு அது பலிக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு.

2025-இல் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த ஆண்களுக்கான அயர்ன்மேன் உலகச் சாம்பியன் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் நார்வே வீரர்களே எடுத்தார்கள். அந்த நாட்டு வீரர்கள் பயிற்சிக்கு நடுவே ரத்தத் துளி எடுத்து உழைப்பின் தீவிரத்தைக் காட்டும் லாக்டேட் அளவைப் பார்க்கிறார்கள், அது வரம்பைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கிறார்கள். உலகின் வலிமையானவர்களே இவ்வளவு கட்டுப்பாடாகப் பழகும்போது, முதல் நெடுந்தூரப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பவர் அந்தக் கட்டுப்பாட்டை வெட்கமாக நினைக்க வேண்டியதில்லை. பயிற்சியில் உங்களால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடிந்த திறன் எவ்வளவு என்று அளந்து வையுங்கள். மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் இல்லாவிட்டால் இதயத் துடிப்பு போதும். ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் கொஞ்சம் கூட்டி, இறக்கத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் முதல் 50 கி.மீ. தூரத்தில் உங்களைக் கடந்து போகிறவர்களைப் போகவிடுங்கள். அவர்களில் பலரை மாரத்தானின் 30-வது கிலோமீட்டருக்குப் பிறகு நடந்துகொண்டிருப்பவர்களாகப் பார்ப்பீர்கள்.