மாத்திரைக்கு முன் அரிசியைக் கேளுங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்னும் நோய் வாரிக்கொண்டு போனது. கால் மரத்தது, உடம்பு வீங்கியது, கடைசியில் இதயம் நின்றது. அதே நாட்டில் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. தமிழர்களின் கூலியோ குடியிருப்போ மேலானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேறுபாடு சோற்றில் இருந்தது. சீனர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல். 1907இல் இதை எழுதிய பிராடன் என்ற மருத்துவர், பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று முடிவு கட்டினார். அவர் கண்டது சரி, சொன்ன காரணம்தான் பிசகு. கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் ஃபிளெட்சர் 1905இல் தொடங்கிய சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஒரு பாதிப் பேருக்குப் பச்சரிசி, மறுபாதிக்குப் புழுங்கல். பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் செத்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் சாகவில்லை.

பச்சரிசியில் நஞ்சு எதுவும் சேரவில்லை, இருந்தது ஒன்று போய்விட்டது. நெல்லில் தயாமின் என்னும் பி1 வைட்டமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சை நெல்லை மில்லில் தீட்டும்போது அது தவிட்டோடு மாட்டுத் தீவனமாகப் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்தாலோ, நீரில் கரையும் தயாமின் அரிசிமணிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து வெந்து இறுகி அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு தீட்டினாலும் பச்சரிசியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தங்குகிறது, கழுவும்போது கரைந்து போவதும் குறைவு. நமக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் உடம்பின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்கத் தயாமின் தேவைப்படுவதால், சோறு கூடக்கூட அதன் தேவையும் கூடும். வெறும் சோற்றை நம்பி வாழ்ந்தவர்களை நோய் தேடிப்பிடித்தது இதனால்தான். சென்னை மாகாணத்திலும் இதே கதை நடந்தது: பச்சரிசி தின்ற வடக்குத் தெலுங்குக் கடலோரத்தில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது, புழுங்கல் தின்ற தமிழ் மாவட்டங்களில் அது அரிது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர்கள் மெக்காரிசனும் பின்னர் அய்க்ராய்டும் அரிசியைத் துருவித் துருவி ஆராய்ந்ததன் பின்னணி இது. 1936இல் தயாமினைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்ததும் அந்த மாகாணத்து நெல்லூரில்தான்.

'அப்படியானால் நம் முன்னோர் அறிவியல் தெரிந்தே நெல்லை அவித்தார்கள்' என்று உடனே ஒரு குரல் எழும். அதற்குச் சான்று கிடையாது. அவித்த நெல்லில் உமி எளிதாகக் கழலும், குருணை குறையும், அரிசி பூச்சி அரிக்காமல் நாள்படத் தாங்கும். இவை போதுமான காரணங்கள். வைட்டமின் கேட்காமல் கிடைத்த கொசுறு. பெருமை வேண்டுமென்றால் கொசுறுக்கும் பெருமைப்படலாம், தவறில்லை. 'இன்று பச்சரிசி தின்பவர்களுக்கு ஏன் பெரிபெரி பெரும்பாலும் வருவதில்லை?' என்ற கேள்வி இதைவிட வலுவானது. பருப்பு, முட்டை, கோதுமை, நிலக்கடலை என்று தட்டில் வேறு பொருள்கள் சேர்ந்ததால்தான். ஆக, வைட்டமின் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது உணவு எந்த வழியாகத் தட்டுக்கு வந்தது, கூட என்ன வந்தது என்பதை. மருந்துக்கடை அதற்கு அப்புறம்.

நாளுக்கொரு மாத்திரையோடு முடிகிற காரியத்துக்கு இத்தனை ஆராய்ச்சி ஏன் என்பாரும் உண்டு. சில இடங்களில் மாத்திரைதான் சரி. கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய ஃபோலிக் அமிலத்தையும், பால்கூடத் தொடாதவர்களுக்கான பி12ஐயும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதையே பொதுவிதியாக்கும்போது வேறு கணக்கு வருகிறது. மிகுந்த பி1 சிறுநீரில் போய்விடும், பணம்தான் நட்டம். கொழுப்பில் கரையும் ஏ, டி உடம்பிலேயே தங்கிவிடும், அளவு மீறினால் நஞ்சாகும். பின்லாந்தில் 29,000க்கு மேற்பட்ட ஆண் புகைபிடிப்பாளர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளியானபோது ஆராய்ச்சியாளர்களே திகைத்தார்கள். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீனை மாத்திரையாக விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. காய்கறி நிறையத் தின்பவர்களுக்கு அந்த நோய் குறைவு என்ற பழைய கவனிப்பு பொய்யாகிவிடவில்லை. காயிலிருந்து ஒரு பொருளை மட்டும் தனியே பிரித்து, பலமடங்கு பெருக்கிக் கொடுத்தாலும் அதே பலன் வரும் என்ற ஊகம்தான் சரிந்தது.