உடற்கல்வியில் முதுகலைப் படிப்பு: கற்பித்தலுக்கு அதில் உள்ள இடம்

உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றவர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால், அவர் எந்த விளையாட்டில் வல்லவர் என்ற கேள்வியே முதலில் எழுகிறது. கணிதத்தில் அதே பட்டம் பெற்றவரை நோக்கி, அவர் எவ்வளவு விரைவாகக் கூட்டுவார் என்று எவரும் கேட்பதில்லை. உடற்கல்வி என்பது ஆடத் தெரிந்தவருக்கு அளிக்கப்படும் சான்றிதழ் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்துவிட்டதே இதற்குக் காரணம். உண்மையில் இப்பட்டம் பெறுவோரில் மிகப் பலர் வாழ்நாள் முழுவதும் செய்யப்போகும் பணி ஆடுவதன்று. கற்பிப்பது, அல்லது கற்பிப்போரை உருவாக்குவது. இந்த உயர் படிப்பில் கற்பித்தல் என்னும் செயலுக்கு எவ்வளவு இடம் உள்ளது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

முன்னாட்களில் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் ‘டிரில்’தான். ஓய்வு பெற்ற படை வீரர் ஒருவர் மாணவரை வரிசையில் நிறுத்தி, ஆணையிட்டுக் கைகால்களை அசைக்கச் செய்வார். உடற்கல்வி ஆசிரியரும் பிற ஆசிரியரைப் போலவே கல்லூரியில் பயின்று வரவேண்டியவர் என்ற கருத்து இந்நாட்டில் வேரூன்றியதற்கு, 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் சென்னையில் தோற்றுவித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பெரிதும் காரணமாக இருந்தது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்தியக் குழுவின் மேலாளராக இருந்தவரும் அவரே. அதற்கு முன்னரே, 1914இல், அமராவதியில் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலம் தொடங்கப்பட்டிருந்தது. அது அக்காடா மரபிலிருந்து வளர்ந்த நிறுவனம். அதன் குழுவினர் 1936இல் பெர்லினில் கபடி முதலிய நம் நாட்டு ஆட்டங்களை ஆடிக் காட்டினர். 1930களில் ஐதராபாத், கல்கத்தா, லக்னோ, பம்பாயை அடுத்த காந்திவிலி ஆகிய இடங்களிலும் பயிற்சிக் கல்லூரிகள் தோன்றின.

இவை பெரும்பாலும் சான்றிதழோ பட்டயமோ வழங்கியவை. உடற்கல்வியைப் பல்கலைக்கழகப் பட்டத்திற்குரிய துறையாக உயர்த்தியதில், முதல் விடுதலைப் போரின் நூற்றாண்டான 1957ஆம் ஆண்டின் ஆகஸ்ட் 17ஆம் நாள் குவாலியரில் தொடங்கப்பெற்ற லட்சுமிபாய் கல்லூரிக்குத் தனியிடம் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு அங்கு மூன்றாண்டுப் பட்டப் படிப்பு வகுக்கப்பட்டது. முதுகலைப் படிப்பும் பின்னர் எம்.ஃபில்., முனைவர் ஆய்வுகளும் வந்தன. 1995இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ்நாட்டில் 2005ஆம் ஆண்டு முதல் உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமே இயங்கி வருகிறது.

1961இல் பாட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. பயிற்றுநர்களை, அதாவது ‘கோச்’சுகளை, உருவாக்குவதே அதன் பணி. இதனால் இரண்டு வழிகள் பிரிந்தன. ஆசிரியர் ஒரு வழியிலும் பயிற்றுநர் மற்றொரு வழியிலும் சென்றனர். பிரிந்ததில் தவறில்லை, இருவருடைய வேலையும் வேறு வேறு. பயிற்றுநரிடம் வருவோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், விரும்பி வருபவர்கள், பத்துப் பதினைந்து பேர். ஆசிரியரிடம் வருவது வகுப்பு முழுவதும். ஓட விரும்புவோரும் ஓட அஞ்சுவோரும், பருமனான சிறுவனும், மூச்சிரைப்பு உள்ள சிறுமியும், கால் ஊனமுற்ற குழந்தையும் அந்த ஐம்பது பேரில் அடங்குவர். ஆனால் வழிகள் பிரிந்த பின்னரும், உயர் படிப்பு பயிற்றுநரின் நிழலிலேயே வளர்ந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இன்றைய எம்.பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள் கொண்டது. அதில் சேர உடற்கல்வியில் இளங்கலைப் பட்டம் வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் பி.பி.எட். படிப்பும் ஈராண்டாக நீண்டுள்ளது. முதுகலையில் ஆராய்ச்சி முறை, புள்ளியியல், உடற்பயிற்சி உடலியங்கியல், உயிர் இயந்திரவியல், விளையாட்டு உளவியல், விளையாட்டு மருத்துவம், ஊட்டச்சத்து, பயிற்சிக் கோட்பாடுகள், சோதனையும் அளவீடும், யோகவியல் ஆகியவை முக்கியப் பாடங்கள். மைதானத்தில் செய்முறையும் பாடம் நடத்திக் காட்டும் பயிற்சியும் உண்டு. இறுதியில் பலர் ஆய்வேடு ஒன்றும் எழுதுகின்றனர். கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராகவோ உதவிப் பேராசிரியராகவோ விரும்புவோர், இதற்குப் பின் தேசியத் தகுதித் தேர்வையோ முனைவர் பட்டத்தையோ நாடுகின்றனர்.

பட்டியலைக் காண்போர் ஒன்றை உணரலாம். தசை எவ்வாறு சுருங்குகிறது, எலும்பு எவ்வாறு நெம்புகோலாகிறது, களைப்பு எதனால் வருகிறது என்பவற்றிற்கெல்லாம் தனித் தாள்கள் உள்ளன. ஐம்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் ஒன்றை எவ்வாறு கற்கின்றனர் என்பதற்கோ ஒரு முழுத் தாள் கிடைப்பது அரிதாக இருக்கிறது; பாடம் நடத்தும் பயிற்சியோடு அது அடங்கிவிடுகிறது. ஆய்வேடுகளின் தலைப்புகளும் நமக்குப் பழக்கமானவையே: கல்லூரிக் கைப்பந்தாட்ட வீரர்களிடம் பன்னிரண்டு வாரப் பயிற்சி ஒன்றின் விளைவு. விளையாட்டின் பெயரையும் பயிற்சியின் பெயரையும் மாற்றினால் மற்றோர் ஆய்வேடு ஆயத்தம். ஏற்கெனவே நன்றாக ஆடுபவரையே அளந்து கொண்டிருக்கிறோம். மைதானத்தின் ஓரத்தில் நிற்பவரை அளக்க எவரும் நாடா எடுப்பதில்லை.

கற்பித்தலியல் கேட்கும் கேள்விகள்

விளையாட்டுக் கற்பித்தலியல் என்பது வெறும் போதனைக் குறிப்புகளின் தொகுப்பு என்று எண்ணுவோர் உளர். அது அளந்து, சோதித்து, முடிவு காணும் ஓர் ஆய்வுத் துறை. எடுத்துக்காட்டாக, கற்றலுக்குச் செலவாகும் நேரத்தைப் பற்றிய ஆய்வினைக் கூறலாம். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேரில் சீடன்டாப்பும் அவருடைய மாணவர்களும், ஒரு பாட வேளையில் மாணவர் உண்மையாகவே உரிய செயலில், தம் நிலைக்கு ஏற்ற அளவில், ஈடுபட்டிருக்கும் நேரம் எவ்வளவு என்று பதிவு செய்யும் முறையை வகுத்தனர். ஆசிரியர் எவ்வளவு பேசினார் என்பதைக் காட்டிலும், மாணவர் எவ்வளவு நேரம் காத்து நின்றார் என்பதே அங்கு முக்கியமாயிற்று.

நம் பள்ளியொன்றில் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாட வேளை 45 நிமிடம். மாணவர் 50 பேர். நீளத் தாண்டல் மணற்குழி ஒன்று. வகுப்பிலிருந்து வந்து வரிசையில் நிற்கவும் வருகை எடுக்கவும் 10 நிமிடம், திரும்பிச் செல்ல 5 நிமிடம் கழிந்தால் எஞ்சுவது 30 நிமிடம். ஒருவர் ஓடித் தாண்டி, மணலைச் சமன் செய்து, அடுத்தவர் ஆயத்தமாக 40 விநாடி ஆகுமானால் மொத்தம் 45 தாண்டல்களே நடைபெறும். ஐந்து பேருக்கு அன்று முறையே வராது. முறை வந்தவரும் அசைந்தது ஒருசில விநாடிதான். அதே 30 நிமிடத்தில், புல்தரையில் சுண்ணாம்புக் கோடுகள் ஐந்து வரைந்து, பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, நின்ற இடத்திலிருந்து தாண்டும் பயிற்சியைக் கொடுத்தால், ஒரு தாண்டலுக்கு 15 விநாடி என்று கொண்டாலும் ஒவ்வொருவரும் பன்னிரண்டு முறை தாண்டிவிடுவர். கூடுதல் செலவு ஒரு பிடி சுண்ணாம்பு.

தோற்றவரை வெளியேற்றும் ஆட்டங்களையும் இக்கண்கொண்டு நோக்கலாம். முதலில் வெளியேறி உட்காருபவர் யார்? பயிற்சி மிகத் தேவையானவரே. எஞ்சியிருந்து மேலும் மேலும் ஆடுபவர் ஏற்கெனவே வல்லவர். சோர்ந்த பிள்ளையைச் சோம்பேறி என்று பெயரிடுவதற்கு முன், ஆட்டத்தின் விதி அவரை எத்தனை நிமிடம் உட்கார வைத்தது என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

பயிற்சியின் வரிசை பற்றிய ஆய்வுகள் இன்னும் வியப்பளிப்பவை. 1986இல் சைனா குட், ரிச்சர்ட் மேகில் ஆகிய இருவரும், இறகுப்பந்து ஆடிப் பழகாத மாணவியருக்கு மூன்று வகை சர்வீஸ்களைக் கற்பித்தனர். ஒரு பிரிவினர் ஒரு வகையை முழுதாகப் பழகிய பின் அடுத்ததற்குச் சென்றனர். மற்றொரு பிரிவினர் மூன்றையும் முன்பின்னாகக் கலந்து பழகினர். பயிற்சி முடிந்தபின் வைத்த சோதனையிலும், பழகாத மறுபக்கக் கட்டத்திலிருந்து போடச் சொன்ன சோதனையிலும் கலந்து பழகியவர்களே சிறந்து விளங்கினர். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் வகுப்பு பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆய்வாளர் வரும் நாளில் நல்ல பெயரும் வாங்கித் தரும். கற்றது நிலைத்ததா என்பது வேறு கேள்வி.

1982இல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் டேவிட் பங்கர், ராட் தார்ப் ஆகியோர் முன்வைத்த முறை ஆசிரியர்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பிற்று. முதலில் நுணுக்கம், பிறகு ஆட்டம் என்ற பழைய வரிசையை அவர்கள் மாற்றினர். களத்தைச் சிறிதாக்கி, ஆட்களைக் குறைத்து, விதிகளை எளிதாக்கி, ஆட்டத்தையே முதலில் ஆடச் செய்தனர். எங்கு நிற்பது, எப்போது பந்தைக் கொடுப்பது என்ற சிந்தனை பிறந்த பின், அதற்கு வேண்டிய நுணுக்கத்தைக் கற்பித்தனர். நம் தெருச் சிறுவர் இதனைப் பல்கலைக்கழகத்தைக் கேளாமலே செய்து வருகின்றனர். சந்தின் அகலத்திற்கேற்ப ஓட்டங்களின் மதிப்பை மாற்றுவர். ஒரு முறை தரையில் பட்டெழுந்த பந்தை ஒரு கையால் பிடித்தாலும் ஆட்டமிழப்பு என்பர். மிகச் சிறியவனுக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுப்பர். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வரும் ஆசிரியர்தான் பல வேளைகளில் முழு அளவுக் களத்தையும் முழு விதி நூலையும் வலியுறுத்துகிறார்.

சட்டமும் நடைமுறையும்

இதன் அவசியம் இப்போது கூடியுள்ளது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை உடற்கல்வியைக் கற்றலின் பிரிக்க இயலாத பகுதி என்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்று விதித்தது. ஆனால் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், நூறு மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு அச்சட்டத்தின் அட்டவணை கோருவது பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரையே. 2020ஆம் ஆண்டின் கொள்கை பாடத்திற்கும் பாடம் சாரா நடவடிக்கைக்கும் இடையிலான வேலியை அகற்றச் சொல்கிறது. விளையாட்டுடன் இணைந்த கற்றலையும் பேசுகிறது. கணிதத்தையும் அறிவியலையும் மைதானத்தில் கற்பிக்க வேண்டுமாயின் அதனைச் செய்யவல்ல ஆசிரியரை யார் உருவாக்குவது? முதுகலைப் பட்டம் பெற்றுப் பயிற்சிக் கல்லூரிகளில் பணியாற்றுவோரே உருவாக்க வேண்டும். அவர்கள் உடலியங்கியலை மட்டும் கற்று வந்திருந்தால், தாம் பெற்றதையே வழங்குவர்.

உடலியங்கியல் தேவையில்லை என்று இதற்குப் பொருளன்று. கோடை வெயிலில் ஒரு பிள்ளை மயங்கி விழும்போது அந்த அறிவே உயிர் காக்கும். எடை சமனாக வேண்டும் என்பதே கோரிக்கை. நான்கு பருவங்களில் ஒன்றிலேனும் கற்பித்தலியல் முழுத் தாளாக வேண்டும். பாடம் நடத்தும் பயிற்சி, கல்லூரியின் சமன்படுத்திய மைதானத்தில் சக மாணவரைக் குழந்தைகளாக நடிக்கச் செய்வதோடு நில்லாமல், மரநிழலும் கல்லும் உள்ள ஊராட்சிப் பள்ளியின் வெற்றிடத்தில் நடைபெற வேண்டும். மூன்றாவதாக, ஆய்வேட்டின் பொருள் மாற வேண்டும். நெறியாளர்கள் மனம் வைத்தால் இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது.

அத்தகைய ஆய்வுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மைதானத்தின் ஓரத்தில் அமர ஓர் இடமும், ஒரு நிறுத்துக் கடிகாரமும், கட்டமிட்ட குறிப்பேடும் போதும். வகுப்பில் முன்கூட்டியே தேர்ந்த ஆறு குழந்தைகளை, வல்லவர் இருவர், இடைப்பட்டவர் இருவர், பின்தங்கியவர் இருவர் என்று பிரித்துக்கொண்டு, பத்து விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று குறிக்க வேண்டும்: ஆடுகிறார், காத்து நிற்கிறார், கேட்கிறார், விலகி நிற்கிறார். ஒரே பள்ளியில் ஒரு பருவம் முழுவதும், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியே இவ்வாறு குறித்து வந்தால், அந்த மைதானம் யாருடையதாக இருக்கிறது என்பது எண்களாகவே வெளிப்படும்.