சுவர் கறுத்தால் யார் பொறுப்பு?

“ஜன்னலைத் திறந்து வைங்க தம்பி, சரியாகிடும்.” குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பூஞ்சை படர்ந்ததைப் படமெடுத்து அனுப்பியபோது, வீட்டுக்கார ஆன்ட்டி தந்த பதில் இது.

அதில் பாதி உண்மை உண்டு. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் துணியை அறைக்குள்ளேயே உலர்த்தினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். அது நம் பழக்கம். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் கசிந்தால், அது வீட்டின் பழுது. ஆகவே யார் குற்றம் என்று வாதாடுமுன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் சுவரில் கூரையோரம் மஞ்சள் கறை. மழையில்லாத வாரத்திலும் காயவில்லை. நான் வானொலியில் பேசிப் பிழைப்பவன். ஆனால் வாடகை விவகாரத்தில் வாய்ப்பேச்சு போதாது. தேதியிட்ட படங்களுடன், “ஆன்ட்டி, ஒருமுறை நேரில் வந்து பாருங்க, பிள்ளைக்கு இருமல் விடவே இல்லை” என்று எழுதினேன். வந்தார், தொட்டுப் பார்த்தார், மேல்வீட்டாரிடம் பேசினார். வீவக வீடுகளில் இத்தகைய கசிவைச் சரிசெய்வது மேல்வீடு, கீழ்வீடு இரண்டின் உரிமையாளர்களுக்கும் கூட்டுப் பொறுப்பு.

கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். சாயம் பூசி மறைப்பதையும் ஏற்காதீர்கள். ஈரம் இருக்கும்வரை பூஞ்சை திரும்பும்.

பேச்சு பலிக்காவிட்டால், 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் என்றால் சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். வரம்பு 20,000 வெள்ளி. அங்கு வழக்கறிஞர் வாதாட முடியாது. நீங்கள் சேர்த்துவைத்த படங்களும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் உங்களுக்காகப் பேசும்.