இரண்டாவது பம்புக்கும் அதே வயரா?

சிலமலையிலிருந்து போடி போய், பழைய கார்புரேட்டர் பைக்கில் போடிமெட்டு ஏறியவர்களுக்குத் தெரியும்: மேலே போகப் போக வண்டி இழுக்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கக் கார்புரேட்டருக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளுக்கும் எஃப்ஐ எனும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார்கள் அளக்கின்றன. இன்ஜெக்டர் எத்தனை மில்லிவிநாடி திறக்க வேண்டும் என்பதை இசியு எனும் கட்டுப்பாட்டுக் கணினி கணக்கிடுகிறது.

இதே மலைகளுக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டம் தொடுபுழா அருகே, காது கேளாத, வாய் பேச இயலாத சஜி தாமஸ் தன் கையாலேயே இலகுரக விமானம் கட்டினார். 2014-ல் அது நெல்லைச் சீமையின் மணிமுத்தாறில் பறந்தது. இப்படி விமானம் கட்டுகிறவர்கள் பலருக்கும் கார் இன்ஜெக்‌ஷன் மீது ஒரு கண் உண்டு. காரணம் நியாயமானது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்து, ஈரக்காற்றில் பனிக்கட்டி படிந்து எஞ்சின் திணறும். வெளியே 20 டிகிரி இருந்தாலும் இது நடக்கும். ஏலமலை மூடுபனி இதற்குத் தோதான காற்று. இன்ஜெக்டர் பெட்ரோலைச் சிலிண்டர் வாசலில் பீய்ச்சுவதால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்குகிறது.

ஆனால் காரிலிருந்து கழற்றியதை அப்படியே மாட்டினால் உயிர் போகும். பழைய விமான எஞ்சினின் மேக்னெட்டோ தன் தீப்பொறியைத் தானே உண்டாக்கும்; பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். இன்ஜெக்‌ஷனில் பம்ப், இசியு, இன்ஜெக்டர் மூன்றும் மின்சாரத்தை நம்பியவை. சென்சார் பழுதானால் கார் இசியு எஞ்சினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைக்கும். சாலையில் அது நல்லது. மரங்களுக்கு மேலே ஏறிக்கொண்டிருப்பவருக்கு எஞ்சின் கெட்டாலும் பரவாயில்லை, சக்திதான் வேண்டும். அந்த ஏற்பாட்டை நீக்கியே ஆக வேண்டும்.

பலர் இரண்டு பம்ப் வைத்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பியூஸ், ஒரே ரிலே, ஒரே எர்த் என்றால் அது ஒரு பம்ப்தான். 2012-ல் வந்த ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் எஞ்சினில் எரிபொருளையும் பற்றவைப்பையும் கவனிக்கும் மின்னணு அமைப்பே இரட்டை, ஜெனரேட்டரும் இரண்டு. வீட்டில் கட்டுகிறவரும் பேட்டரியிலிருந்தே மின்வழியைப் பிரிக்க வேண்டும்.

பெட்ரோல் குழாய் இன்னும் நுட்பமானது. இன்ஜெக்டருக்குப் போனது போக மிஞ்சியது டேங்குக்குத் திரும்பும். காரில் டேங்க் ஒன்று. பல விமானங்களில் இறக்கைக்கு ஒன்று. வலது டேங்கிலிருந்து உறிஞ்சி இடது டேங்குக்குத் திருப்பினால், இடது நிரம்பி வெளியே வழியும். வலது, விமானி போட்ட கணக்குக்கு முன்பே வறண்டுவிடும். எடுக்கும் டேங்குக்கே திருப்பும் இரட்டை வால்வு வேண்டும். பம்பை எஞ்சின் சூட்டருகே வைத்தால், உறிஞ்சும் பக்கத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் வெறும் குமிழியைத் தள்ளும். டேங்கருகே, தாழ்வாக வைப்பதே சரி. சுமார் 3 பார் அழுத்தத்தில் சிறு கசிவும் தீப்பீய்ச்சல் ஆகலாம் என்பதால் ஹோஸ்களுக்குத் தீ தாங்கும் உறை கட்டாயம். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அதைத் தாங்காத ரப்பர் சீல்களை மாற்றியாக வேண்டும்.

எல்லாம் பொருத்திய பிறகு, மூக்கைச் செங்குத்தான ஏற்றத்தின் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு பம்பையும் தனியாக ஓட்டி அளக்க வேண்டும். முழு வேகத்தில் எஞ்சின் குடிக்கும் அளவில் 125 சதவீதம் எரிபொருள் வர வேண்டும். வராவிட்டால் அந்த விமானம் கொட்டகையிலேயே இருக்கட்டும்.