புயல் கடந்த கடற்கரை ஊருக்கு கேரவனில் செல்லலாமா? ஆஸ்திரேலியாவின் மிஷன் பீச் காட்டும் வழி

புயல் தாக்கிய கடற்கரைச் சுற்றுலா ஊர் இரண்டு முறை இழப்பைச் சந்திக்கிறது. முதல் இழப்பு, காற்றும் கடலும் ஓரிரவில் ஏற்படுத்துவது. இரண்டாவது, பயணிகள் வராமல் போவதால் பல மாதங்களுக்கு நீடிப்பது. சேதமடைந்த விடுதிகள் மீண்டும் திறக்க ஆண்டுகள் ஆகக்கூடும் என்ற நிலையில், படுக்கையையும் அடுப்பையும் தம்முடன் கொண்டுவரும் கேரவன் பயணியே அத்தகைய ஊருக்கு முதலில் திரும்பக்கூடியவர். ஆனால் அவர் எப்போது வருகிறார், எங்கே தங்குகிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த வருகை உதவியாகவோ சுமையாகவோ அமைகிறது.

இதை விளங்கிக்கொள்ள, 2011-ஆம் ஆண்டு யாசி புயல் கரையைக் கடந்த ஆஸ்திரேலியாவின் மிஷன் பீச் நல்ல எடுத்துக்காட்டாகும்.

யாசி புயலில் என்ன நடந்தது?

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடபகுதியில், கெய்ன்ஸ் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் மிஷன் பீச் அமைந்துள்ளது. பிங்கில் பே, மிஷன் பீச், வோங்கலிங் பீச், சவுத் மிஷன் பீச் ஆகிய நான்கு சிற்றூர்கள் சுமார் 14 கி.மீ. நீளக் கடற்கரையில் வரிசையாக உள்ளன. ஊருக்குப் பின்னால் வெப்பமண்டல மழைக்காடு. முன்னால் பெரும் பவளத்திட்டுக் கடல். இரண்டுமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை.

2011 பிப்ரவரி 3-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் யாசி புயல் இப்பகுதியில் கரையைக் கடந்தது. ஆஸ்திரேலிய அளவுகோலின் உச்சமான ஐந்தாம் வகைப் புயல் அது. காற்று மணிக்கு 285 கி.மீ. வேகம் வரை வீசியிருக்கக்கூடும் என மதிப்பிடப்பட்டது. தெற்கே உள்ள கார்ட்வெல் ஊரில் கடல்நீர், வழக்கமான ஓத அளவைவிட ஏறத்தாழ 5 மீட்டர் உயர்ந்தது. ஓதம் உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கிய நேரத்தில் புயல் கடந்ததால் மேலும் பெரிய வெள்ளம் தவிர்க்கப்பட்டது. ஆயினும் அங்குள்ள படகுத்துறையில் உல்லாசப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

புயலுக்கு முன்பே கெய்ன்ஸ் மருத்துவமனைகளின் நோயாளிகள் விமானம் மூலம் பிரிஸ்பேன் நகருக்கு மாற்றப்பட்டனர். கடலோர மக்களும் வெளியேற்றப்பட்டனர். இதன் பயனாக, அவ்வளவு வலிமையான புயலிலும் ஓர் உயிரிழப்பு மட்டுமே பதிவானது. அந்த இளைஞரும் காற்றாலோ நீராலோ இறக்கவில்லை. மூடிய அறைக்குள் இயங்கிய ஜெனரேட்டரின் புகையால் மூச்சுத்திணறி உயிரிழந்தார்.

இப்பகுதிக்குப் புயல் புதிதன்று. 2006 மார்ச் 20-ஆம் தேதி லாரி புயல் அருகிலுள்ள இன்னிஸ்ஃபெயில் பகுதியைத் தாக்கியது. அதற்கும் முன்னர், 1918 மார்ச்சில் வீசிய புயல் இங்கிருந்த ஹல் ரிவர் பழங்குடியினர் குடியிருப்பை அழித்தது. அங்கு வாழ்ந்தவர்கள் பாம் தீவுக்கு மாற்றப்பட்டனர். மிஷன் பீச் என்ற பெயரே அந்தக் குடியிருப்பின் நினைவாக நிலைத்ததுதான்.

கேரவன் பயணி ஏன் முதலில் திரும்ப முடிகிறது?

இந்தியாவில் கேரவன் என்றால், படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வாகனமே பலரின் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் அது சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வாகனம். காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும் இந்தச் சிறு வீட்டில் படுக்கை, எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் ஆகியவை இருக்கும். பணி ஓய்வு பெற்றவர்கள் தெற்கின் குளிரிலிருந்து தப்பி, மே முதல் செப்டம்பர் வரை வடக்கே பயணம் செய்வது அங்கு வழக்கம். நரைத்த தலையுடன் நாடோடிகளாகத் திரிபவர்கள் என்ற பொருளில் இவர்களுக்குச் செல்லப்பெயரும் உண்டு.

ஒரு விடுதி மீண்டும் திறக்க வேண்டுமானால் கூரை, குளிர்சாதன அமைப்பு, சமையற்கூடம், அறைகள் என அனைத்தும் சீராக வேண்டும். காப்பீட்டுத் தொகையும் வந்து சேர வேண்டும். கேரவன் பூங்காவுக்குத் தேவை குறைவு. விழுந்த மரங்கள் அகற்றப்பட்டு, பொதுக் கழிப்பறை, குளியலறை, குடிநீர், கழிவு கொட்டும் இடம் ஆகியவை இயங்கினால் போதும். மின் இணைப்பு தாமதமானாலும் மின்கலத்தில் சில நாட்கள் சமாளிக்கலாம்.

மிஷன் பீச்சுக்கு எதிரே சுமார் 4 கி.மீ. தொலைவிலுள்ள டங்க் தீவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அத்தீவின் புகழ்பெற்ற சொகுசு விடுதி யாசி புயலில் கடுமையாகச் சேதமடைந்து மூடப்பட்டது; அதன்பின் பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை. அதே தீவில் கூடாரமிட்டுத் தங்கும் திடல் மட்டும் மீண்டும் பயணிகளை ஏற்றது.

ஒரு கேரவன் குடும்பம் ஓர் இரவுக்குச் செலுத்தும் கட்டணம், சொகுசு விடுதி விருந்தினர் செலுத்துவதைவிட மிகக் குறைவே. ஆனால் அவர்களது செலவு பெட்ரோல் நிலையம், மளிகைக் கடை, அடுமனை, படகு ஓட்டுநர் எனப் பலரிடம் பிரிந்து சேர்கிறது. வேலையிழந்தோர் நிறைந்த ஊரில் இந்தச் சிறு வரவுக்கு மதிப்பு அதிகம். யாசி புயலில் மிஷன் பீச், டல்லி, இன்னிஸ்ஃபெயில் பகுதிகளின் வாழைத் தோட்டங்கள் பெருமளவில் சாய்ந்தன. ஆஸ்திரேலியாவின் வாழைப்பழங்களில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்வதால் நாடு முழுவதும் விலை பல மடங்கு உயர்ந்தது. தோட்டத் தொழிலாளர்களோ அடுத்த குலை தள்ளும் வரை வேலையின்றி நின்றனர். தோட்டமும் சுற்றுலாவும் ஒரே நேரத்தில் முடங்கிய ஊரில், மீண்டும் வரும் ஒவ்வொரு வாகனமும் ஒரு கடைக்காரரின் அன்றைய வரவாகிறது.

எப்போது செல்வது பொருத்தம்?

புயல் கடந்த முதல் வாரங்களில் செல்வது எவ்வகையிலும் உதவியன்று. அப்போது சாலைகள் மின்வாரியப் பணியாளர்களுக்கும் நிவாரண வாகனங்களுக்கும் தேவைப்படும். எரிபொருளும் குடிநீரும் அளவிட்டு வழங்கப்படும். எல்லாவற்றையும்விட, வீடிழந்தவர்களும் பழுதுபார்க்க வந்த தொழிலாளர்களும் தங்குவதற்கு முதலில் நாடுவது கேரவன் பூங்காக்களைத்தான். விடுமுறைப் பயணி பிடிக்கும் ஓர் இடம், வீடிழந்த குடும்பத்துக்குக் கிடைக்காத இடமாகிவிடக் கூடாது.

எனவே புறப்படும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேவை. உள்ளூராட்சி பயணிகளை வரவேற்பதாக அறிவித்துவிட்டதா? குடிநீரும் கழிவுநீர் அமைப்பும் முழுமையாக இயங்குகின்றனவா? பூங்காவில் உள்ளூர் மக்களின் தேவை போக இடம் எஞ்சியுள்ளதா? பூங்கா நிர்வாகத்தை நேரடியாகத் தொலைபேசியில் அழைப்பதே இவற்றுக்கு உறுதியான விடை பெறும் வழி.

குயின்ஸ்லாந்தில் இயற்கையே ஓர் இடைவெளியை அமைத்துத் தருகிறது. அங்கு புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கேரவன் காலமோ மே மாதத்தில் தொடங்குகிறது. பிப்ரவரியில் யாசி தாக்கிய ஊருக்கு, பயணக் காலம் தொடங்கும் முன் மூன்று மாத அவகாசம் கிடைத்தது.

உழைக்கத் தயாராக இருப்பவர்கள் முன்னதாகவும் செல்லலாம். 2009-இல் விக்டோரியா மாநிலத்தில் ஏற்பட்ட பெரும் காட்டுத்தீயைத் தொடர்ந்து உருவான பிளேஸ்எய்ட் என்ற தன்னார்வ அமைப்பு, பேரிடரால் அழிந்த பண்ணை வேலிகளை மீண்டும் அமைத்துத் தருகிறது. அதன் தொண்டர்களில் பலர் தங்கள் கேரவன்களிலேயே தங்கிப் பணியாற்றுகின்றனர். தங்குமிடம் கேட்காமல் வேலைக்கு வரும் கைகள் என்பதால் பண்ணையாளர்கள் அவர்களை வரவேற்கின்றனர்.

சாலையில் கேசோவரி: கவனம் தேவை

மிஷன் பீச்சின் மழைக்காட்டில் கேசோவரி என்ற பறக்காத பெரிய பறவை வாழ்கிறது. அழியும் நிலையிலுள்ள இப்பறவை, காட்டு மரங்களிலிருந்து உதிரும் பழங்களை உண்டு, விதைகளைத் தொலைவில் பரப்புகிறது. அதிலும் பெரிய விதைகளைப் பரப்ப இதனை விட்டால் வேறு விலங்கு அரிது.

புயல் காட்டின் இலைகளையும் காய்களையும் ஒருசேர உதிர்த்துவிடும். சில வாரங்களில் அடிமரங்களிலிருந்தே புதுத் தளிர் எழுந்து காடு பச்சையாகத் தோன்றும். ஆனால் மரங்கள் மீண்டும் பழுக்க நெடுநாள் ஆகும். பசித்த கேசோவரிகள் சாலைகளுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்து வாகனங்களிலும் நாய்களிடமும் சிக்கி மடிகின்றன. லாரி, யாசி ஆகிய இரு புயல்களுக்குப் பின்னும் அரசு வனத்துறையினர் காட்டுக்குள் பழங்கள் வைத்து அவற்றைக் காக்க முயன்றனர்.

பயணிகள் இரக்கத்தால் உணவளிப்பது தவறு மட்டுமன்று. குயின்ஸ்லாந்தில் சட்டப்படி தடை செய்யப்பட்டதும் ஆகும். மனிதரிடம் உணவு பெற்றுப் பழகிய பறவை சாலையோரத்தை விட்டு அகலாது. சில வேளைகளில் மனிதரைத் தாக்கவும் செய்யும். கனமான கேரவனை இழுத்துவரும் கார் உடனடியாக நிற்காது என்பதால், அப்பகுதியில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே பயணி செய்யக்கூடிய பெரிய உதவி.

பயணியின் பாதுகாப்பு

யாசியின் ஒரே உயிர்ப்பலி தந்த பாடம் கேரவன் பயணிக்கு நேரடியாகப் பொருந்தும். ஜெனரேட்டர் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. அதனைக் கேரவனுக்குள்ளோ, அதன் நிழற்கூடாரத்திலோ, சன்னலருகிலோ இயக்கக் கூடாது.

முறிந்தும் விழாமல் மேலே தொங்கும் கிளைகள் மாதங்கள் கழித்தும் விழக்கூடும். மரத்தடியில் கேரவனை நிறுத்துமுன் மேலே பார்ப்பது அவசியம். பழைய வீடுகளின் உடைந்த தகடுகளில் கல்நார் இருக்கலாம் என்பதால் இடிபாடுகளைத் தொடக் கூடாது. வடக்கு ஆஸ்திரேலிய மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியா உள்ளது. கனமழைக்குப் பின் அது மேற்பரப்புக்கு வருவதால், சேற்றில் வெறுங்காலுடன் நடப்பதை, குறிப்பாக நீரிழிவு நோயாளிகள், தவிர்க்க வேண்டும்.

கேரவன் புயலைத் தாங்குமா?

தாங்காது. 1974-இல் டார்வின் நகரை டிரேசி புயல் அழித்த பின், ஆஸ்திரேலியாவில் வீடு கட்டும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதன்பின் கட்டப்பட்ட வீடுகள் யாசி புயலில் பழைய வீடுகளைவிட மிகக் குறைந்த சேதத்தையே சந்தித்தன. ஆனால் அகன்ற பக்கச் சுவரும் குறைந்த எடையும் கொண்ட கேரவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கயிற்றால் கட்டிவைத்தாலும், கடல்நீர் ஏறினால் அது மிதக்கத் தொடங்கும். எனவே புயல் எச்சரிக்கை வந்ததும் உள்நாட்டை நோக்கிப் புறப்பட்டுவிட வேண்டும். காற்று வலுத்த பின் கேரவனை இழுத்துச் செல்வது உயிருக்கே ஆபத்து.

இந்தியாவுக்கு இதில் என்ன பாடம்?

2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் ஒடிசாவின் புரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். கோடை விடுமுறைக்கு வந்திருந்த சுற்றுலாப் பயணிகளும் புரியை விட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். புயலுக்குப் பின் மின்சாரம் முழுமையாகத் திரும்ப வாரங்கள் ஆயின. புரி, கோனார்க் இடையிலான கடலோரச் சாலையின் சவுக்குத் தோப்புகள் சாய்ந்தன. ஆயினும் ஜூலை 4-ஆம் தேதி ஜெகந்நாதர் ரத யாத்திரை நடைபெற்றது. மக்களைக் குறித்த காலத்தில் வெளியேற்றவும், குறித்த நாளில் மீண்டும் வரவேற்கவும் இந்தியக் கடற்கரை நகரங்களால் முடியும் என்பதை அது காட்டியது.

இந்தியாவில் கேரவன் சுற்றுலா இப்போதுதான் வளர்ந்து வருகிறது. கேரள அரசு 2021-இல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. எனினும் குயின்ஸ்லாந்துக்குக் கிடைக்கும் பருவ இடைவெளி வங்கக் கடற்கரைக்கு இல்லை. இங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் காலமும் சுற்றுலாக் காலத்தின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. எனவே இக்கடற்கரையில் கேரவன் பூங்கா அமைப்போர், கடல்நீர் ஏறாத உயரம், வண்டிகள் விரைந்து வெளியேறத் தனிச் சாலை, பேரிடருக்குப் பின் உள்ளூர் மக்களுக்கு முதலில் இடமளிக்கும் விதி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே திட்டமிடுவது அவசியமாகிறது.

புயல் கடந்த ஊர் பழைய அழகுடன் இருக்காது. நிழல் குறைந்திருக்கும், கடல் கலங்கியிருக்கும், சில கடைகள் மூடியே கிடக்கும். அதை அறிந்தே செல்பவர், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, வேண்டிய பொருளை அவ்வூர்க் கடையிலேயே வாங்கினால், நிவாரணப் பட்டியலில் இடம்பெறாத ஓர் உதவியைச் செய்தவராகிறார்.