பாட்டு கேட்டால் கால் ஏன் சளைப்பதில்லை?

ஆடி மாதம் நம் அம்பத்தூர் மண்ணூர்பேட்டைத் தெருவில் அம்மன் ஊர்வலம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பை முழங்கத் தொடங்கியதும், வாசலில் சும்மா நின்றிருந்த உங்கள் கால் தானாகத் தாளம் போடுகிறதா இல்லையா? ஆடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அப்படியானால் காலுக்கு உத்தரவு போட்டது யார்?

உங்கள் மூளைதான். காதில் விழும் ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அங்கே கேட்பதற்கான பகுதிகள் உண்டு. கை கால்களை எப்படி அசைப்பது என்று திட்டமிடும் பகுதிகளும் உண்டு. சீரான தாளம் கேட்கும்போது இரண்டாவது வகைப் பகுதிகளும் சேர்ந்து சுறுசுறுப்பாகிவிடுகின்றன. அசையாமல் படுத்துக்கொண்டு தாளம் கேட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். அடுத்த அடி எந்த நொடியில் விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக்கொள்கிறது. அதனால்தான் அடி விழும் அதே நேரத்தில் காலும் தரையைத் தட்டுகிறது.

இந்த விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் ஸ்கேன் இல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று லேத் பட்டறையும் லாரியுமாக இருக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் ஏரிப் பாசன வயல்கள். வயலில் குனிந்து நாற்று நடும் பெண்களுக்கு நடவுப் பாட்டு, கிணற்றில் ஏற்றம் இறைப்பவர்களுக்கு ஏற்றப்பாட்டு என்று தமிழ்நாட்டில் வேலைக்கு ஒரு பாட்டு இருந்தது. எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையைக்கூட ஏற்றப்பாட்டிலேயே வைத்துப் பாடினார்கள். நெல் குத்தும்போது பாடுவது வள்ளைப்பாட்டு. சிலப்பதிகாரத்திலேயே அது வருகிறது. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் உலக்கை மேலே போகும்போது மற்றவர் உலக்கை கீழே வர வேண்டும். தாளம் தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும்!

சரி, பாட்டு உண்மையிலேயே உடலின் வேகத்தைக் கூட்டுமா? இதை அளந்து பார்த்தவர் லெனார்ட் அயர்ஸ் என்ற அமெரிக்கர். நியூயார்க்கில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடந்தது. அரங்கில் பேண்டு வாத்தியம் சில நேரம் ஒலிக்கும், சில நேரம் ஓய்ந்திருக்கும். இரண்டு நேரத்திலும் வீரர்கள் போன வேகத்தை அவர் குறித்துக்கொண்டு 1911இல் வெளியிட்டார். வாத்தியம் ஒலிக்காதபோது மணிக்குச் சுமார் 28.8 கிலோமீட்டர், ஒலித்தபோது சுமார் 31.5 கிலோமீட்டர்.

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பேண்டு வாசித்தபோது பார்வையாளர்களும் உற்சாகமாகக் கத்தியிருந்தால்? வேகம் கூடியது பாட்டாலா, கைதட்டலாலா? இப்படிச் சந்தேகப்படுவதுதான் அறிவியலின் முதல் பாடம். அதனால்தான் பிறகு வந்தவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே சைக்கிள் ஓட்டச் சொல்லி அளந்தார்கள். பிரிட்டன் ஆய்வாளர்கள் 2012இல் ஒன்று கண்டார்கள்: தாளத்தோடு பொருந்தும்படி பெடல் மிதித்தவர்களுக்கு, தாளம் பொருந்தாமல் மெதுவாக ஒலித்த பாட்டோடு மிதித்தபோது தேவைப்பட்டதைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவான ஆக்சிஜனே போதுமானதாக இருந்தது. தாளம் இருந்தால் கால் ஒரே சீராக மிதிக்கும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக வீணாகும் சக்தி மிச்சமாகும்.

அடுத்தது களைப்பு. களைப்பு காலில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது. 'மூச்சு வாங்குகிறது, தொடை வலிக்கிறது' என்று உடல் அனுப்பும் செய்திகளை மூளை கவனித்தால்தான் களைப்புத் தெரியும். அந்தக் கவனம் நம் ஷேர் ஆட்டோவைப் போல; இடம் கொஞ்சம்தான். பாட்டு முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் களைப்புக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. பிடித்த பாட்டென்றால் இன்னும் நல்லது. அதைக் கேட்கும்போது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. மனம் மகிழ்கிறது, உடலும் சுணங்காமல் நகர்கிறது.

ஆனால் எப்போதும் இப்படி நடக்காது. நடக்கும்போதும் நிதானமாக ஓடும்போதும் பாட்டு களைப்பை மறைக்கும். மூச்சு முட்ட ஓடும்போது களைப்பு முண்டியடித்து ஏறி, பாட்டை ஆட்டோவிலிருந்து இறக்கிவிடும்! அந்த நேரத்தில் என்ன பாட்டு ஓடினாலும் வலி வலிதான். தசைக்குப் புதிதாகப் பலம் எதையும் பாட்டு தருவதில்லை.

ஓர் உதாரணம் பாருங்கள். எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலி கெப்ரசெலாசி 1998 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீட்டர் ஓடினார். அவர் கேட்டுக்கொண்டபடி 'ஸ்கேட்மேன்' என்ற துள்ளல் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். 4 நிமிடம் 52.86 விநாடியில் ஓடி முடித்து உள்ளரங்க உலக சாதனை படைத்தார். அடியெடுத்து வைக்கத் தாளம் துணை நின்றது உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. பாட்டு மட்டும் போதும் என்றால் அந்தப் பாட்டைக் கேட்ட எல்லோரும் சாதனை படைத்திருப்பார்களே!

இப்போது உங்கள் முறை. நண்பர்களோடு சேர்ந்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

முதலில் ஒரு பாட்டின் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். தாளத்துக்குக் கைதட்டி, 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி 4ஆல் பெருக்குங்கள். 120 முதல் 140 வரை வந்தால் உடற்பயிற்சிக்கு ஏற்ற பாட்டு. நாம் இயல்பாக நடக்கும்போதே நிமிடத்துக்கு 120 அடிக்குப் பக்கத்தில்தான் வைக்கிறோம்.

பிறகு நின்ற இடத்திலேயே 3 நிமிடம் 'லெஃப்ட், ரைட்' போடுங்கள். முடித்தவுடன் மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரல்களை வைத்து, 15 விநாடிக்கு நாடியை எண்ணி 4ஆல் பெருக்குங்கள். களைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். நாடி பழைய நிலைக்கு வரும்வரை ஓய்வெடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்: ஒரு முறை பாட்டோடு, ஒரு முறை பாட்டில்லாமல். பாதிப் பேர் பாட்டோடு தொடங்கட்டும், மீதிப் பேர் பாட்டில்லாமல் தொடங்கட்டும். எல்லோரும் ஒரே வரிசையில் செய்தால், வித்தியாசம் பாட்டால் வந்ததா, இரண்டாவது முறை என்பதால் வந்ததா என்று தெரியாமல் போகும். நாடித் துடிப்பு, களைப்பு மதிப்பெண் இரண்டில் எது அதிகம் மாறியது என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, காதுக்குள் ஒலியை உணரும் மிக நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் குறையுங்கள்.

இரண்டு, தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. சாலையோரத்திலும் ரயில் பாதை அருகிலும் இயர்போன் வேண்டவே வேண்டாம். வீட்டிலோ மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

சோதனை முடிந்ததும் பாட்டின் வேகம், நாடித் துடிப்பு, களைப்பு மதிப்பெண் மூன்றையும் அட்டவணையாக எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். நாங்கள் இங்கே சொன்னதற்கு மாறான முடிவு வந்தாலும் மாற்றி எழுதாதீர்கள். அளந்தது எதுவோ அதை அப்படியே எழுதுபவர்தான் விஞ்ஞானி!